மூடிய கதவும் மூடாத கடனும்

இந்தச் சஞ்சிகைக்கு நான் கடைசியாக எழுதியது பத்தாம் தரத்தில், மழையைப் பற்றி ஒரு கவிதை. இம்முறையும் கவிதை ஒன்று தரலாமே என்றுதான் ஆசிரியை கேட்டார். ஆனால் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு அடுத்தது என்ன என்று யோசிக்கும் தங்கைகளும் அவர்களுடைய உம்மா, வாப்பாமாரும் வாசிக்கும் இதழில் எனக்குச் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் நான்கு வருடங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காததால்தான் அது நான்கு வருடங்கள் இழுபட்டது என்று இப்போது தோன்றுகிறது.

2019 மார்ச்சில் எனக்குப் பெறுபேறு வந்தது. கணிதத்தில் சாதாரண சித்தி, மற்றப் பாடங்களில் சுமார். உயர்தரம் செய்யலாமா, தொழில் ஒன்று படிக்கலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே ஏப்ரல் 21 வந்தது. அதற்குப் பின்னான மாதங்களில் பெண் பிள்ளைகளைத் தனியாக பஸ்ஸில் அனுப்பவே எங்கள் வீடுகள் அஞ்சின என்பது இதை வாசிக்கும் பெற்றோருக்கு நினைவிருக்கும். அப்போது கண்டியில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த தனியார் நிறுவனம் ஒன்றின் துண்டுப்பிரசுரம் எங்கள் கைக்கு வந்தது. நோயாளர் பராமரிப்பு டிப்ளோமா, ஒரு வருடம். முஸ்லிம் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு. முடித்ததும் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் நூறு வீதம் வேலை. கட்டணம் 150,000 ரூபா. ஒரேயடியாகக் கட்டினால் 20,000 ரூபா கழிவு.

அந்தக் கழிவுதான் எங்களைப் பிடித்தது. வாப்பா ஓட்டோ ஓட்டுகிறவர். இருபதாயிரம் அவருக்குச் சின்னக் காசு அல்ல. உம்மாவின் மாலையையும் இரண்டு காப்புகளையும் ஒரே சீட்டில் அடகு வைத்து 80,000 எடுத்தோம். மிச்சம் 50,000, உம்மா பெண்கள் குழுவொன்றில் சேர்ந்து எடுத்த கடன். கிழமைக்கு 1,250 ரூபா வீதம் 52 கிழமை. ஐந்து பெண்கள், ஒருவருக்கொருவர் பிணை. பெருக்கிப் பார்த்தால் 65,000 வரும். நாங்கள் அப்போது பெருக்கிப் பார்க்கவில்லை.

அடுத்த மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகளை மூடியபோது எங்கள் வகுப்பும் நின்றது. பின்னர் ஊரடங்குச் சட்டம். அது தளர்ந்து, மற்ற வகுப்புகளெல்லாம் தொடங்கிய பிறகும் எங்களுக்கு அழைப்பு வரவில்லை. தொலைபேசி எடுத்தால் மணி அடிக்கும், யாரும் எடுக்கமாட்டார்கள். ஒரு நாள் வாப்பா கண்டிக்கு ஹயர் ஒன்று போனபோது எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பெயர்ப்பலகையைக் கழற்றியிருந்தார்கள். மேல்மாடி வாடகைக்கு என்று ஒரு மட்டை தொங்கியதாம்.

"மகள், ஆர்ட்டயும் செல்ல வாணாம்" என்றார் உம்மா. அதுதான் எங்கள் வீட்டின் முதல் தீர்மானம். எல்லாப் பிழையும் அதிலிருந்துதான் தொடங்கியது.

ஏன் சொல்லக்கூடாது? ஏமாந்துவிட்டோம் என்ற வெட்கம் ஒன்று. வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறோம் என்ற வெட்கம் இன்னொன்று, இதுதான் பெரியது. ஜும்ஆவில் வட்டியின் பாவத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு வரும் மனிதர்களிடம் போய், நாங்கள் வட்டிக்கு எடுத்த பணம் இப்படிப் போய்விட்டது என்று எந்த முகத்தோடு சொல்வது? ஆகவே பள்ளிவாசல் நிர்வாகத்திடம் போகவில்லை. பொலிஸுக்குப் போகவில்லை. என்னோடு படித்த பதினெட்டுப் பிள்ளைகளுடைய வீடுகளிலும் இதே வார்த்தைதான் பேசப்பட்டிருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பதினெட்டு வீடும் தனித்தனியாக வாயை மூடிக்கொண்டோம். நிறுவனத்தை நடத்தியவருக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

கடன் மாத்திரம் வாயை மூடவில்லை. ஊரடங்கு நாட்களில் வராதிருந்த கிழமைக் காசெல்லாம் பிறகு சேர்ந்து வந்தது. குழுவில் மற்ற நான்கு பெண்களின் முகத்தைப் பார்க்க முடியாமல், முதலாவதை அடைக்க உம்மா வேறொரு கம்பனியில் இரண்டாவது கடன் எடுத்தார். அடகுச் சீட்டின் தவணை முடிந்து ஏலம் பற்றிய கடிதம் வந்தபோது, அதை வாப்பாவுக்குக் காட்டாமல் அலுமாரியில் சாரிகளுக்குக் கீழே வைத்திருந்திருக்கிறார். மாலையும் போனது, காப்புகளும் போயின. பவுன் விலை பின்னர் ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்கள் அந்தக் கணக்கை மனதிலேயே போட்டுக்கொள்ளலாம். உம்மாவிடம் அதைப் பேச எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

எனக்கு என்ன நடந்தது? "படிச்சது காணும்" என்றார்கள். கோபத்தில் அல்ல, களைப்பில். பேச்சுக்கால் வரத் தொடங்கியது. கடனோடு இருக்கும் வீட்டில் கலியாணத்துக்கு இன்னொரு கடன் தேவை என்பதால்தான் அது நின்றது என்று நினைக்கிறேன். இதைச் சிரிப்பாகச் சொல்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை.

இந்த அனுபவம் எங்களுக்கு மட்டும் உரியது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பின்னர் வேறொரு தேவைக்காக வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் அமெரிக்காவில் இதே கதை ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு நடந்திருப்பது தெரிந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அங்கே நடந்ததில் எங்களுக்குப் பொருந்துவதும் இருக்கிறது, பொருந்தாததும் இருக்கிறது.

கொரிந்தியன் கொலேஜஸ் என்பது கலிபோர்னியாவில் 1995இல் தொடங்கப்பட்ட கம்பனி. எவரெஸ்ட், ஹீல்ட், வயோடெக் என்ற பெயர்களில் நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட தொழிற்கல்லூரிகளை நடத்தியது. மருத்துவ உதவியாளர், கணக்கியல், வாகனத் திருத்தம் போன்ற படிப்புகள். அங்கே அரசாங்கமே மாணவர்களுக்குக் கல்விக் கடன் கொடுக்கிறது. பணம் கல்லூரிக்குப் போகும், கடன் மாணவரின் பெயரில் நிற்கும். கொரிந்தியனின் வருமானத்தில் பெரும்பகுதி இப்படி வந்த அரச பணம்தான். ஆகவே மாணவருக்கு வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கம்பனிக்கு நட்டமில்லை.

2013இல் கலிபோர்னியாவின் சட்டமா அதிபராக இருந்த கமலா ஹாரிஸ் அந்தக் கம்பனி மீது வழக்குத் தொடர்ந்தார். அந்த வழக்கில் கம்பனியின் சொந்த ஆவணங்கள் எடுத்துக் காட்டப்பட்டன. தாங்கள் யாரைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று அவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். தன்மதிப்புக் குறைந்தவர்கள், தனிமைப்பட்டவர்கள், பொறுமையற்றவர்கள், தம்மீது அக்கறை காட்ட ஆட்கள் அதிகம் இல்லாதவர்கள், எதிர்காலத்தைத் திட்டமிடத் தெரியாமல் சிக்கி நிற்பவர்கள். இதை வாசித்தபோது எனக்குக் கண்டியின் அந்த மேல்மாடிதான் ஞாபகம் வந்தது. முஸ்லிம் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு என்ற வரியை அந்த 2019ஆம் ஆண்டில் துண்டுப்பிரசுரத்தில் அச்சடித்தவர் எங்கள் பயத்தை நன்றாக அளந்திருக்கிறார்.

வேலைவாய்ப்பு வீதம் என்று அவர்கள் காட்டிய கணக்கு இன்னும் விசித்திரமானது. அமெரிக்கக் கல்வித் திணைக்களம் 2015 ஏப்ரலில் ஹீல்ட் கல்லூரி பற்றி வெளியிட்ட முடிவுகளின்படி, ஆட்களைத் தற்காலிக வேலைக்கு அனுப்பும் முகவர்களுக்குக் கல்லூரியே காசு கொடுத்து, படித்து முடித்தவர்களை இரண்டு நாள் வேலைக்கு வைத்திருக்கிறது. கணினிகளைத் தூக்கி வைப்பதும் வயர்களை ஒழுங்குபடுத்துவதும்தான் அந்த வேலை. பிறகு அவர்களெல்லாம் படித்த துறையிலேயே வேலை பெற்றவர்கள் என்று கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். கணக்கியல் படித்த ஒருவர் துரித உணவுக் கடையில் வேலை செய்ததையும் அவரது துறையில் கிடைத்த வேலை என்றே பதிந்திருந்தார்கள். நூறு வீதம் வேலை என்று யாராவது சொன்னால் எங்கே, எந்த வேலை, எத்தனை நாள் என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

கல்வித் திணைக்களம் அந்தக் கல்லூரிக்கு மூன்று கோடி டொலர் அபராதம் விதித்தது. 2015 ஏப்ரல் 27ஆம் திகதி, எஞ்சியிருந்த 28 வளாகங்களையும் கம்பனி ஒரேயடியாக மூடிவிட்டது. சுமார் 16,000 மாணவர்கள் நடுவழியில் நின்றார்கள். அடுத்த மாதமே கம்பனி வங்குரோத்து விண்ணப்பம் செய்தது. மறு ஆண்டு கலிபோர்னிய நீதிமன்றம் நூறு கோடி டொலருக்கும் அதிகமான தொகையைக் கம்பனி செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. ஆனால் கையில் காசில்லாத கம்பனியிடம் தீர்ப்பை நீட்டி என்ன பயன்?

அந்த மாணவர்களுக்கு ஒரு சட்டம் துணை நின்றது. படித்துக்கொண்டிருக்கும்போதே கல்லூரி மூடப்பட்டால், அல்லது மூடுவதற்குச் சற்று முன்னர்தான் விலகியிருந்தால் (அப்போது 120 நாட்கள், பின்னர் 180 ஆக்கினார்கள்) விண்ணப்பித்து அரச கடனை முழுவதுமாக நீக்கிக்கொள்ளலாம். அதில் ஒரு கண்ணியும் உண்டு. பாதிப் படிப்பை இன்னொரு கல்லூரிக்குக் கொண்டுபோய் அதே பாடநெறியை முடித்தால் அந்தச் சலுகை போய்விடும். கதவு மூடிய பதற்றத்தில் இருக்கும் பிள்ளையிடம் யாராவது வந்து, எங்களிடம் வாருங்கள், நீங்கள் படித்ததைக் கழித்துத் தருகிறோம் என்றால் உடனே போகத்தான் தோன்றும். போவது சரியாகவும் இருக்கலாம். ஆனால் எதைக் கொடுத்துவிட்டு எதை வாங்குகிறோம் என்று தெரிந்த பிறகுதான் கையெழுத்து வைக்க வேண்டும்.

முன்னரே படித்து முடித்தவர்களுக்கும் இடையில் கைவிட்டவர்களுக்கும் அந்தச் சட்டம் உதவவில்லை. அவர்கள் தாங்கள் ஏமாற்றப்பட்டதை நிரூபிக்க வேண்டியிருந்தது. மூடுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே, 2015 பெப்ரவரியில், முன்னாள் மாணவர்கள் பதினைந்து பேர் ஒன்றுசேர்ந்து தமது பெயரோடும் முகத்தோடும் வெளியே வந்து, ஏமாற்றி வாங்கவைத்த கடனை நாங்கள் கட்டமாட்டோம் என்று அறிவித்தார்கள். சில வாரங்களில் அந்தத் தொகை நூறானது. பிறகு விண்ணப்பங்கள், வழக்குகள், நிராகரிப்புகள், மேலும் வழக்குகள். கடைசியில் 2022 ஜூனில்தான், 1995 முதல் மூடும்வரை அங்கே படித்த அனைவரினதும் எஞ்சிய அரச கடன் நீக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 560,000 பேர், 580 கோடி டொலர். அதை அறிவித்தவர் அப்போது உப ஜனாதிபதியாகிவிட்ட அதே கமலா ஹாரிஸ். வழக்குத் தொடர்ந்ததிலிருந்து ஒன்பது ஆண்டுகள்.

கட்டமாட்டோம் என்று சொன்ன அந்தப் பதினைந்து பேரைப் பின்பற்றச் சொல்லி நான் எழுதவில்லை. எங்கள் நிலைமை வேறு. அங்கே கடன் கொடுத்தது அரசு. ஆகவே அரசு நினைத்தால் நீக்கலாம். இங்கே கடன் கொடுத்தது அடகு பிடித்தவரும், குழுக்கடன் கம்பனியும், சில வீடுகளில் சாச்சாவும் மாமாவும். நிறுவனம் மூடியது அவர்களுடைய பிழை அல்ல. உம்மா தவணை கட்டாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெண்தான் கட்ட வேண்டும். கடனை நீக்கித் தரும் ஒரு திணைக்களமும் எங்களுக்கு இல்லை. நான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று: அவர்கள் பெயரைச் சொன்னார்கள். எங்கள் பதினெட்டுப் பேரில் ஒருவர் அன்று மற்றப் பதினேழு பேருக்கும் தொலைபேசி எடுத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

எப்படி வேறாக இருந்திருக்கும் என்று கேட்கலாம். பதினெட்டுப் பெற்றோர் கையெழுத்திட்ட ஒரே முறைப்பாடு பொலிஸ் நிலையத்தில் இருந்திருக்கும். அதன் பிரதியொன்று மூன்றாம் நிலை மற்றும் வாழ்க்கைத்தொழிற் கல்வி ஆணைக்குழுவுக்கும், இன்னொன்று பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் போயிருக்கும். கட்டடச் சொந்தக்காரரிடம் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரையும் முகவரியையும் கேட்டிருக்கலாம். பணத்தைத் திருப்பிக் கேட்டு மத்தியஸ்த சபைக்குப் போயிருக்கலாம்; அங்கே சட்டத்தரணிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. முழுப்பணமும் வந்திருக்கும் என்று சொல்லமாட்டேன். கொஞ்சமாவது வந்திருக்கலாம். ஆனால் இதற்கெல்லாம் கையில் கடதாசி வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு பற்றுச்சீட்டு. அதில் நிறுவனத்தின் முத்திரை இருந்தது, பதிவு இலக்கம் இல்லை. எந்தப் பாடநெறிக்கான காசு என்றும் எழுதியிருக்கவில்லை.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று எங்கள் இஸ்லாம் பாட ஆசிரியை கேட்டபோது நாங்கள் ஆளுக்கொரு பதில் சொன்னோம். அல்பகராவின் 282ஆம் வசனம் அது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வதைப் பற்றியும் சாட்சி வைப்பதைப் பற்றியும் பேசுகிறது. பரீட்சைக்காக மனனமிட்டோம். மறு வருடமே முத்திரை மட்டும் குத்திய ஒரு துண்டுக் கடதாசியை வாங்கிக்கொண்டு 130,000 ரூபாவைக் கொடுத்துவிட்டு வந்தோம். அதற்கு இரண்டு வசனங்கள் முன்னால், கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்லப்படுகிறது. தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரைச் சொல்லும்போது கடனில் மூழ்கியவர்களையும் சேர்க்கிறது. கடனோடு மரணித்த ஒருவரின் ஜனாஸாவைத் தொழுவிக்க நபி (ஸல்) அவர்கள் முன்வராமல் நின்ற சம்பவத்தைச் சொல்லிக் கடனாளியைப் பயமுறுத்துவோர் எங்கள் ஊரில் பலர். அந்தச் சம்பவம் அதோடு முடியவில்லை. அபூ கதாதா (ரழி) அவர்கள் முன்வந்து அந்தக் கடனைத் தான் பொறுப்பேற்றார்; அதன் பிறகு ஜனாஸா தொழுகை நடந்தது. அந்த இரண்டாம் பகுதியையும் மிம்பரிலிருந்து கேட்க எனக்கு ஆசை.

வட்டிக்கு எடுத்தது பிழை இல்லை என்று நான் வாதாடவில்லை. பிழைதான். ஆனால் அந்தப் பிழையைச் சொல்ல இடமில்லாத ஊரில் அது இரண்டாவது கடனாக வளர்கிறது. ஸகாத்தைக் கூட்டாகச் சேகரித்துப் பகிரும் மஹல்லாக்கள் இப்போது பல இருக்கின்றன. தையல் இயந்திரமும் ஓட்டோவும் கொடுக்கிறார்கள், நல்லது. படிப்புக்காகக் கடன்பட்டுப் படிப்பையும் இழந்த வீடுகளையும் அவர்கள் தேடிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். யாருக்குக் கொடுக்கலாம், எந்த நிபந்தனையில் என்பதை உலமாக்கள் சொல்லட்டும். அந்த வீட்டு வாசலுக்கு முதலில் போக வேண்டியவர்கள் நிர்வாகத்தினர். கடனாளி பள்ளிவாசலுக்கு வரமாட்டார், வெட்கம் விடாது.

பெற்றோருக்கு இரண்டு விடயம் தனியாகச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே கடன் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தவணை தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்தவரிடம் போய்ச் சொல்லுங்கள். தவறிய பிறகு போனால் அபராதத்தைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். முன்னதாகப் போனால் தவணையைச் சின்னதாக்குவது பற்றிப் பேசலாம். என்ன பேசினாலும் எழுத்தில் வாங்குங்கள். முதல் கடனை அடைக்க இரண்டாவது கடன் எடுக்காதீர்கள். மற்றது நகை. ஏலத்துக்கு விட்டு எல்லாவற்றையும் இழப்பதைவிட, அதில் ஒன்றை நீங்களே விற்று மிச்சத்தை மீட்பது மேல். எங்கள் உம்மாவுக்கும் இது தெரியாமல் இல்லை. இரண்டு காப்பை விற்றால் மாலை மிஞ்சும் என்று அவரே பின்னர் சொன்னார். ஆனால் காப்பு இல்லாத கை வெளியே தெரியும், அடகுச் சீட்டு அலுமாரிக்குள் இருக்கும். அதுதான் அவருடைய கணக்கு. நகையை அடகு வைக்கும்போதே பொருளுக்கொரு சீட்டாக வைத்திருந்தால் ஒன்றொன்றாக மீட்டிருக்கலாம் என்பதும் பிறகு வந்த ஞானம்தான்.

தங்கைகளுக்குச் சொல்ல வேண்டியது, நிறுவனம் மூடியதோடு படிப்பு மூடிவிடவில்லை என்பது. எனக்கு இதைச் சொன்னவர் எங்கள் பிரதேச செயலகத்தில் வேலை செய்யும் ஒரு மிஸ். என்ன மகள் சும்மா இருக்கிறீர்கள் என்று அவர் கேட்ட ஒரு கேள்விக்கு, வீட்டுத் தீர்மானத்தை மீறி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர்தான் தொழிற்பயிற்சி அதிகார சபையைப் பற்றியும், நைட்டாவைப் பற்றியும், தொழில்நுட்பக் கல்லூரிகளைப் பற்றியும் சொன்னார். அரசாங்கம் நடத்தும் இந்த இடங்களில் கட்டணமின்றியோ மிகக் குறைந்த கட்டணத்திலோ தொழில் படிக்கலாம் என்பது கண்டியில் காசு கட்டிய அன்று எங்கள் யாருக்கும் தெரியாது. யாரும் அதற்குத் துண்டுப்பிரசுரம் அடித்து வீடு வீடாகக் கொடுப்பதில்லை. என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் ஏழு மட்டங்களாக இருக்கிறது. நான்காம் மட்டம் இருந்தால் ஒரு தொழிலை முழுமையாகத் தெரிந்தவர் என்று அர்த்தம். கையில் திறமை இருந்து கடதாசி இல்லாவிட்டால், முழுப் பாடநெறியையும் மறுபடி படிக்காமல், செய்துகாட்டி மதிப்பீடு பெற்றும் அந்தச் சான்றிதழை எடுக்கலாம். மூடிய நிறுவனத்தில் பாதி படித்த பிள்ளைக்கு இது பெரிய வழி.

நான் அப்படித்தான் மீண்டும் தொடங்கினேன். இப்போது நான்காம் மட்டச் சான்றிதழோடு முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. சேர்ந்த முதல் கிழமையில் எங்கள் போதனாசிரியை வகுப்பில் ஆணைக்குழுவின் இணையத்தளத்தைத் திறந்து, ஒரு நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் பதிவு இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி எனக் காட்டினார். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழிற்பயிற்சி நிறுவனங்கள் அங்கே பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு வேறு, ஒரு குறிப்பிட்ட பாடநெறிக்கான தர அங்கீகாரம் வேறு. இரண்டையும் பார்க்க வேண்டும். இடைவேளையில் நான் எனது பழைய நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கதவு மூடாமல் இருந்து நான் அந்த டிப்ளோமாவை முடித்திருந்தாலும் அது ஒரு வர்ணக் கடதாசிதான். அன்று எனக்கு வந்த அழுகை மாலைக்காக அல்ல. ஐந்து நிமிட வேலை அது, கைத்தொலைபேசியிலேயே செய்திருக்கலாம்.

ஆணைக்குழுவிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பதிவு செய்யாமல் நடத்துவோரைத் தேடிப் பிடிப்பது ஒரு பக்கம். பதிவு செய்தவர்களும்கூட முழு வருடக் கட்டணத்தை முதல் நாளே வாங்குவதை ஏன் அனுமதிக்க வேண்டும்? தவணைக்குத் தவணை வாங்கட்டும். கழிவு என்ற பெயரில் முழுப்பணத்தையும் முன்னால் இழுப்பதுதான் ஆபத்து. அது பிள்ளையின் ஒரு வருடத்தை அவர்கள் கையில் பணயமாகக் கொடுக்கிறது. மாதாமாதம் கட்டியிருந்தால் நாங்கள் இழந்தது படித்த மாதங்களின் காசாக மாத்திரம் இருந்திருக்கும். பாடசாலைக்கும் ஒரு வேண்டுகோள்: பெறுபேறு வரும் கிழமையில், எங்கள் மாவட்டத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அறிவித்தல் பலகையில் ஒட்டினால் போதும். ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் புகைப்படங்களுக்குப் பக்கத்தில் அதற்கும் கொஞ்சம் இடம் இருக்கும்.

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு தங்கை துண்டுப்பிரசுரம் ஒன்றைக் கொண்டுவந்தாள். "தாத்தா, இது நல்லமா?" பாலர் பாடசாலை ஆசிரியர் டிப்ளோமா, எட்டு மாதம், இம்மாத இறுதிக்குள் சேர்ந்தால் கழிவு. இருவரும் உட்கார்ந்து பெயரைப் போட்டுப் பார்த்தோம். இல்லை. எழுத்துப் பிழையாக இருக்கலாம் என்று மூன்று விதமாகப் போட்டும் இல்லை. அவளுடைய வாப்பா அதற்குள் பத்தாயிரம் ரூபா முற்பணம் கட்டியிருந்தார். மறுநாள் அவரும் என்னுடைய வாப்பாவும் ஓட்டோவில் போய் அந்த அலுவலகத்தில் பதிவு இலக்கத்தைக் கேட்டிருக்கிறார்கள். முகாமையாளர் கூட்டத்தில் இருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் இங்கேயே இருக்கிறோம் என்று வாப்பா சொன்னாராம். மூன்று மணித்தியாலம் இருந்திருக்கிறார்கள். அஸருக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் ஏழாயிரத்தைந்நூறு ரூபாவை எண்ணிக் கொடுத்தார்கள். மிச்சம் இரண்டாயிரத்தைந்நூறும் விண்ணப்பப் படிவத்துக்கும் நிர்வாகச் செலவுக்குமாம். அதற்கும் ஒரு பற்றுச்சீட்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் வாப்பா எழும்பியிருக்கிறார்.